ஜன்னல் வழியாக நீண்ட கை

இந்தியாவிலிருந்து என்ன கொண்டு வந்தீர்கள் என்று ஸ்டெல்லாவும் அமலனும் கேட்டீர்கள். முறுக்கு டின்னையும் அம்மாவுக்கு வாங்கிய சேலையையும் எடுத்து வைத்தேன். இன்னொன்றும் கொண்டு வந்தேன். அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன். அப்பா ஒன்பதாவது வரைதான் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் ஸ்டெல்லா திருத்தட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

நான் போன காரியம் உங்களுக்குத் தெரியும். என் அக்கா, உங்கள் லூர்து அத்தை, கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கம் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவள் மகள் ரெஜினாவுக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். "குழந்தைக்கு ஞானத்தகப்பனா நீதான் நிக்கணும் தம்பி, வேற யாரையும் நான் கூப்பிடல" என்று போனில் அழுதாள். தேயிலைப் பெக்டரியில் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு புதன்கிழமை விடிகாலையில் திருச்சியில் இறங்கினேன்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில். கூட்டம் அதிகமில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர் நெற்றி நிறைய விபூதி பூசி, அன்பாகப் பேசிக்கொண்டு வந்தார். நான் சிலோன் என்று தெரிந்ததும் தன் டப்பாவைத் திறந்து இட்லி கொடுத்தார். அதற்குத் தொட்டுக்கொள்ள மஞ்சளாக, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்த ஒரு குழம்பு. பெயர் கடப்பாவாம். நம் ஊரில் அரைத்த தேங்காய்ச் சம்பலை ரொட்டிக்குள் வைத்து விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுகிற எனக்கு, அப்படி ஒரு காலைச் சாப்பாடு புதுசு. விரலைச் சூப்பியதைப் பார்த்து அவர் சிரித்தார். இறங்கும்போது ஒன்று சொன்னார்.

"பையப் பத்திரமா வச்சுக்குங்க தம்பி. இப்ப நடவு சமயம். வடக்கத்தியானுங்க கூட்டம் கூட்டமா வந்து எறங்குறானுங்க. யாரு எவன்னு தெரியாது."

இட்லி கொடுத்த வாய்தான் அதையும் சொன்னது. நான் தலையை ஆட்டினேன். பையைத் தோளிலிருந்து இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். அதில்தான் பாஸ்போர்ட்டும், குழந்தைக்கு அம்மா கொடுத்தனுப்பிய வெள்ளிச் சிலுவையும் இருந்தன.

தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். தேயிலைக்காரன் டீயைப் பற்றிச் சொல்லக்கூடாதுதான். பால் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கும்பகோணம் போகிற பஸ் வந்தது. அது நிற்பதற்குள்ளேயே சனம் ஓட ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் வழியாக ஒருவர் துண்டை எறிகிறார், ஒரு அம்மா கூடையைத் திணிக்கிறார், ஒரு பெண் புத்தகப் பையை உள்ளே போடுகிறாள். துண்டும் பையும் விழுந்த இடம் அவரவருக்குச் சொந்தம். அதுதான் அங்கே வழக்கம். அப்போது எனக்கு அது தெரியாது. நம் பஸ்களில் உட்கார்ந்தவர்கள் நிற்பவர்களின் பையை மடியில் வாங்கி வைப்பார்கள், ஆனால் அதெல்லாம் பஸ்ஸுக்குள்ளே ஏறிய பிறகு. நான் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நின்றேன். அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. கறுத்து மெலிந்த கை, நகங்களில் வெடிப்பு. அது என் பையின் பிடியைப் பற்றி உள்ளே இழுத்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். சின்னக் கண், வேறு மாதிரி முகம். ஏதோ புரியாத பாஷையில் சொன்னார்.

"திருடன்! திருடன்! என் பை!" என்று கத்தினேன்.

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

பிறகு நடந்தது எல்லாம் இரண்டு நிமிஷம்தான். வெள்ளைச் சட்டை போட்டு, கையில் சாப்பாட்டுப் பை வைத்திருந்த ஒரு ஆபீஸ்காரர் அவரைக் கன்னத்தில் அறைந்தார். இன்னும் இருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். தோளிலிருந்து முதுகுவரை அது கிழிந்தது. கண்டக்டர், "எறக்கி விடுங்கய்யா அவன, நமக்கு டைம் ஆச்சு" என்றார். அந்த மனிதர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே படியில் இறங்கினார், பாதி தள்ளப்பட்டு. யாரோ என் பையை எடுத்து என்னிடம் கொடுத்து, "உக்காருங்க அண்ணே, பாவம் வெளியூரு" என்று அந்த ஜன்னல் சீட்டிலேயே என்னை உட்கார வைத்தார்கள். பஸ் கிளம்பியது. எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது சுகமாக இருந்தது.

ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். நம் மலையில் கண்ணை எங்கே வைத்தாலும் ஒரு மேடு வந்து மறைக்கும். இங்கே ஒரு மேடுகூட இல்லை. தண்ணீர் கட்டிய வயலில் வானம் அப்படியே கிடந்தது. அதை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் மெதுவாகச் சொன்னாள்.

"அங்கிள், அவரு உங்க பைய எடுக்கல. எடம் போட்டுக் குடுத்தாரு."

"என்னம்மா?"

"எனக்கும் அவருதான் போட்டுக் குடுத்தாரு. நான் ஜன்னல்ல எட்டல, அவரே கை நீட்டி என் பேக வாங்கி இந்த சீட்ல வச்சாரு. உங்களுக்கு அவரு தன் பக்கத்துல நெருக்கி எடம் பண்ணிக்கிட்டுத்தான் இருந்தாரு."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாரும் அடிச்சாங்க. பயமா இருந்துச்சு."

காலுக்கடியில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தால் ஒரு நீலத் துணிப்பை. என்னுடையது இல்லை. அவருடையது. திருடன் என்று நான் கத்திய மனிதரின் சீட்டில் உட்கார்ந்து, அவருடைய பையை என் காலடியில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

பாபநாசத்தில் பஸ் நின்றபோது ஒருவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி காத்திருந்தார். கண்டக்டரிடம், "நம்ம நடவு ஆளு ஒருத்தன் இதுல வரணுமே?" என்றார். கண்டக்டர் சிரித்தார். "உங்க ஆளா அவன்? பையத் தூக்கி மாட்டிக்கிட்டான். நாலு சாத்து சாத்தி ஸ்டாண்டுலயே எறக்கிட்டோம்." நான் ஜன்னலோரம் இருந்தேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. பஸ் நகர்ந்தது. இரண்டு ஸ்டாப் தள்ளி நானும் இறங்கினேன், இரண்டு பையோடு.

அக்காவையும் சூசை மச்சானையும் பார்த்த சந்தோஷத்தில் அன்று பகல் போயிற்று. விரால் மீன் குழம்பு, நெய் விட்ட பருப்பு. மச்சான் தன் நிலத்தைக் காட்டினார். ஒரு காலத்தில் அவருடைய அப்பா கூலிக்கு நட்ட வயலை இப்போது மச்சான் சொந்தமாக வாங்கியிருக்கிறார். "சேறு அதேதான் மாப்ள, நிக்கிற ஆளுக்குத்தான் இப்ப முதுகு நிமிந்திருக்கு" என்றார். அக்கா மூலையில் கிடந்த நீலப் பையைப் பார்த்து, "இது யாரு பை தம்பி?" என்றாள். "வழியில வாங்கினேன்" என்றேன். பாருங்கள், ஒரு பொய் தனியாக வாழாது.

வியாழக்கிழமை காலை அக்கா துணி துவைக்க என் பைகளை அவளாகவே திறந்துவிட்டாள். நீலப் பையிலிருந்து ஒரு லுங்கி, ஒரு சட்டை, கடுகெண்ணெய் பாட்டில், ஒரு பொட்டலம் பொரி, ஒரு பர்ஸ். பர்ஸில் மடித்த அட்டை. அதில் யாரோ தமிழில் எழுதிக்கொடுத்திருந்தார்கள்: இவருக்குத் தமிழ் தெரியாது, பாபநாசத்தில் இறக்கிவிடவும். இன்னொரு தாளில் ஒரு குழந்தை கலர் பென்சிலால் வீடும் மாடும் ஒரு பெரிய சூரியனும் வரைந்திருந்தது.

அக்கா லுங்கியைத் தூக்கிப் பிடித்தாள். "தம்பி, நீ எப்பயிருந்து கடுகெண்ண தேய்க்க ஆரம்பிச்ச?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அக்கா திட்டவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, "பர்ஸ் இங்க இருக்கே. அந்த ஆளு பஸ்ஸுக்கு என்ன பண்ணியிருப்பான்?" என்றாள். அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஞானத்தகப்பனாக நிற்பவர் சாமியாரிடம் தன் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். மாலையில் கோயிலுக்குப் போனேன். பங்குச்சாமியார் நடுத்தர வயது, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கோயில் வாசலில் ஒழுகும் குழாயைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் கேட்டதை அவர் வெளியே சொல்லக்கூடாது. நான் சொன்னது என்னுடையது, நான் சொல்லலாம்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த மனுசர் பேரு என்ன?" என்றார்.

"தெரியாதுங்க ஃபாதர்."

"பேரே தெரியாமத்தான் பேரக் கெடுத்தீங்களா?"

அவரே தொடர்ந்து கேட்டார்.

"அவரப் பாத்ததும் திருடன்னு எப்படித் தோணுச்சு உங்களுக்கு? பைய மட்டும் பாத்தா, யாரோ உதவி பண்றாங்கன்னும் தோணியிருக்கலாமே."

ரயிலில் பெரியவர் சொன்னதைச் சொன்னேன்.

"அவருக்கு யாரோ சொன்னது. அவங்களுக்கு அதுக்கு முன்னாடி யாரோ. ஜென்மப் பாவம், ஜென்மப் பாவம்னு ஞாயித்துக்கிழமை படிக்கிறோமே, கைக்குழந்தைக்கு என்ன பாவம்னு கேக்குறாங்க. குழந்தை ஒண்ணும் பண்ணல. ஆனா அது வந்து பொறக்குற வீட்ல ஏற்கனவே ஒரு கோணல் இருக்கு. நாம அந்தக் கோணல்லயே நடந்து பழகிட்டோம். நேரா நடக்குறோம்னு நெனச்சுக்குறோம்."

மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே மறுபடி சொன்னார். "மனுசன் கடவுளோட சாயல். தலையில ஞானஸ்நானத் தண்ணி விழுந்தவன் மட்டும் சாயல் இல்ல. ஜன்னல்ல கை நீட்டின அவரும் சாயல். அறைஞ்சாரே, அந்த ஆபீஸ்காரரும் சாயல். கத்தினீங்களே நீங்க, நீங்களும்தான். பாவம் அது மேல சேத்தை அடிக்கும். அழிக்க முடியாது. கடவுள் உங்கள மன்னிச்சுட்டாரு, அதுல சந்தேகப்படாதீங்க. ஆனா நீங்க எடுத்தத அவருக்குத்தான் திருப்பிக் குடுக்கணும்."

"பைய நான் கொண்டு போய்க் குடுத்துடுறேன் ஃபாதர்."

"பைய நீங்க எடுக்கலியே. அது தானா வந்துச்சு. நீங்க பஸ்ஸுல, அத்தன பேருக்கு முன்னாடி ஒண்ணு எடுத்தீங்க. அத எடுத்த எடத்துல குடுங்க."

வெளியே வந்து கோயில் படியில் உட்கார்ந்தேன். அமலன், உன் தாத்தாவை உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு எட்டு வயதில் அவரோடு டவுன் பஸ்ஸில் போனேன். இடித்துவிட்டார் என்று ஒருவர் அவரைக் "கள்ளத்தோணி" என்றார். களவாகத் தோணியில் வந்தவன் என்று நம்மை அந்த நாளில் அப்படித்தான் சொல்வார்கள். பஸ்ஸில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கினார். மழையில் எங்கள் தேயிலைத் தோட்டம்வரை நடந்தோம். வழியெல்லாம் அவர் என் கையை விடவில்லை. அதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மறந்துவிட்டேன்.

ஞாயிறு கோயிலில் கேட்பார்கள், பாவத்தை விட்டுவிடுகிறீர்களா என்று. குழந்தைக்காக நான் பதில் சொல்ல வேண்டும். நடுவில் இரண்டே நாள்.

வெள்ளிக்கிழமை மச்சான் தன் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு பாபநாசம் போனார். நடவு ஆட்கள் எங்கே என்று கேட்டால் எல்லோரும் எல்லாத் திசையையும் காட்டினார்கள். முதலில் போன வயலில் இருந்தவர்கள் வேறு கூட்டம். இரண்டாவது இடத்துக்கு வாய்க்கால் கரையில் போகும்போது பைக் வழுக்கி, நானும் மச்சானும் நீலப் பையும் சேற்றில் விழுந்தோம். கரையில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"என்ன சூசையண்ணே, சிலோன் மாப்பிள்ளைக்கு நடவு சொல்லிக் குடுக்குறீங்களா?"

"ஆமா, வா, நீயும் ஒரு நாத்து முடிச்சு எடுத்துக் குடு!" என்று மச்சான் சேற்றிலிருந்தபடியே கத்தினார்.

அவர்களில் ஒரு அம்மாதான் சரியான இடத்தைச் சொன்னார். "அந்த மோட்டார் கொட்டகையில தங்கியிருக்கானுங்க. நல்லாத்தான் நடுறானுங்க, கயிறு புடிச்ச மாதிரி. நம்ம பொழப்புத்தான் போச்சு." சொல்லிவிட்டு, "ஒருத்தன் புதன்கிழமை தஞ்சாவூர்லேர்ந்து நடந்தே வந்தானாம். காலெல்லாம் கொப்புளம்" என்றார்.

கொட்டகைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் பேச்சு நின்றது. அவர் ஓரமாக, காலில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டதும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார். பயம். என்னைப் பார்த்து ஒரு மனிதர் பயந்து நின்றதை நான் என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

அவர்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். நாலைந்து வருஷமாக வந்து போகிறவர், தமிழ் பேசுவார். "போலீஸ் கூட்டிக்கிட்டு வந்தியா?" என்றார்.

"இல்லைங்க. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

சுவரோரம் நின்றவரிடம் நீலப் பையை நீட்டினேன். அவர் வாங்கி, முதலில் எடுத்துப் பார்த்தது பர்ஸை அல்ல. குழந்தை வரைந்த தாளை. சேறு படவில்லை என்று பார்த்த பிறகுதான் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

நான் கேட்டேன். கைகூப்பிக் கேட்டேன். மேஸ்திரி மொழிபெயர்த்தார். பையை வாங்கியவர் சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாருங்க?"

"மன்னிப்ப வச்சு நான் என்ன பண்றதுன்னு கேக்குறான். மொதலாளி இவன வேணாம்னுட்டாரு. கண்டக்டர் சொல்லிட்டான்ல, திருடன்னு. ஞாயித்துக்கிழம ரயிலு. ஊருக்குப் போறான். ஊருக்குப் போனா அங்கயும் கேப்பாங்க, ஏன் திரும்பி வந்துட்டன்னு."

அதுதான் நான் எடுத்தது. ஒரு சட்டை இல்லை, ஒரு அறை இல்லை. அவருடைய ஒரு வருஷத்துச் சோறு.

"உங்க பேரு என்னங்க?" என்று நேராக அவரிடமே கேட்டேன். மேஸ்திரி சொல்வதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நிதாய்" என்றார்.

எங்களுக்கும் தட்டு வைத்தார்கள். மறுத்தால் தப்பாகும் என்று மச்சான் கண்ணைக் காட்டினார். சோறு, வெந்த உருளைக்கிழங்கைக் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்தது. காரம் கண்ணில் வந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது, வேறு காரணத்துக்காகவும் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம்.

நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனோம். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நீங்க சொல்றீங்க, சரி. ஆனா நீங்க நாளைக்கு சிலோனுக்குப் போயிடுவீங்க. கண்டக்டர் தெனமும் வருவாரு. டீக்கடையில தெனமும் பேசுவாங்க, உங்க கொல்லையில திருடன் தங்கியிருக்கான்னு. அந்தக் கண்டக்டரே, ஸ்டாப்புல மோட்டார் சைக்கிளோட நிக்கிற என் ஆளுகிட்ட வந்து இல்லன்னு சொல்லட்டும். அப்பறம் எனக்கென்ன?"

சாமியார் சொன்னதும் இவர் சொன்னதும் ஒரே இடத்தில் வந்து நின்றன. பஸ்.

நிதாய் வரமாட்டேன் என்றார். அந்த பஸ்ஸில் மறுபடி ஏறமாட்டேன், ரயிலுக்கும் நடந்தே போகிறேன் என்றார். மேஸ்திரி அவரோடு வெகுநேரம் பேசினார். கடைசியில், "உன் பக்கத்துல நானும் வரேன்னு சொன்னேன். சரின்னுட்டான்" என்றார்.

சனிக்கிழமை அதிகாலையில் மூன்று பேரும் ரயிலில் தஞ்சாவூர் போய் அதே ஸ்டாண்டில் நின்றோம். சனிக்கிழமையும் காலேஜ் உண்டாம், ஆபீஸ் உண்டாம். அதே முகங்கள். பஸ் வந்தது, அதே ஓட்டம், அதே துண்டுகள். நிதாயையும் மேஸ்திரியையும் முதலில் ஏறச் சொன்னேன். நிதாய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் வெளியே அதே இடத்தில் நின்று, என் பையை அவர் முன்னால் தூக்கிப் பிடித்தேன்.

அவர் பையைப் பார்த்தார். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

நான் பையோடு ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றேன். நம் கோயிலில் வாசகம் வாசிக்கும்போதே எனக்கு வரி தப்பும், உங்களுக்குத் தெரியும்.

"ஐயா, அம்மா, ஒரு நிமிஷம். புதன்கிழமை இந்த பஸ்ஸுல திருடன்னு கத்தினது நான்தான். இவரு திருடல. எனக்கு எடம் போட்டுக் குடுக்கத்தான் கைய நீட்டினாரு. நான் தப்பா கத்திட்டேன். இவரு பேரு நிதாய். எல்லாரும் தெரிஞ்சுக்கணும்."

டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிறகு ஒருவர், "சரி விடுங்கண்ணே, அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா" என்றார். பின்னாலிருந்து, "கூட்டம் போட வேற எடம் கெடைக்கலியா, கண்டக்டர், வண்டிய எடுங்க" என்று ஒரு குரல். வெள்ளைச் சட்டை ஆபீஸ்காரர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அணைந்திருந்தது, எனக்குத் தெரிந்தது.

காலேஜ் பெண் எழுந்தாள். "உண்மைதான். எனக்கும் அன்னைக்கு அவருதான் எடம் போட்டாரு. நான் பாத்துக்கிட்டு சும்மா இருந்துட்டேன். சாரி அண்ணா." அவள் முகம் சிவந்திருந்தது. அதற்குப் பிறகுதான் பஸ்ஸுக்குள் ஏதோ மாறியது. ஒரு அம்மா, "பாவம், சட்டையெல்லாம் கிழிச்சானுங்களே" என்றார். அந்த அம்மாவும் அன்று பஸ்ஸில் இருந்தவர்தான்.

கண்டக்டர் என் அருகில் வந்து, "ஏங்க, காலங்காத்தால டிக்கெட் போட விடுங்க" என்றார். நிலத்துக்காரர் சொன்னதைச் சொன்னேன். அவர் பதில் பேசாமல் விசிலை ஊதினார். பாபநாசம் வந்ததும் அவரே முதலில் இறங்கினார். மோட்டார் சைக்கிள்காரரிடம் போய், "அன்னைக்கு சொன்னது தப்புங்க. அந்த வெளியூர்க்காரரு ஆளு தெரியாம கத்திட்டாரு" என்றார். திரும்பி இரண்டு அடி வைத்தார். மறுபடி திரும்பிப் போய், "எறக்கி விட்டது நான்தான். விசாரிச்சிருக்கணும்" என்றார். மாலையில் மேஸ்திரி மச்சானுக்குப் போன் பண்ணினார், நிதாய் ஊருக்குப் போகவில்லை, திங்கள்கிழமை வயலில் இறங்குகிறார் என்று.

இதோடு முடித்தால் உங்களுக்கு நல்ல கதையாக இருக்கும். ஆனால் நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன்.

பாபநாசத்துக்கு முன்னால், அய்யம்பேட்டையில் பஸ் நின்றது. கூட்டத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, கையில் ஒரு மூட்டை. நிதாயின் ஜன்னலுக்கு வெளியே நின்று, "அண்ணே, இத கொஞ்சம் புடிங்க" என்று மூட்டையைத் தூக்கினாள். நான் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். தொடைக்கடியிலிருந்து அவர் கைகளை எடுத்தார். ஆனால் நீட்டவில்லை. முதலில் கண்டக்டரைப் பார்த்தார். பிறகு ஆபீஸ்காரரை. பிறகு பஸ் முழுவதையும், ஒவ்வொரு முகமாக. கடைசியில் என்னை. அதற்குப் பிறகுதான் கையை வெளியே நீட்டி மூட்டையை வாங்கினார்.

புதன்கிழமை அவர் யாரையும் பார்க்காமல்தான் கை நீட்டினார். அந்தப் பார்வையை அவருக்குக் கொடுத்தது நான். பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பார்வையைத் திரும்ப வாங்க எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியார் கேட்டார், பாவத்தை விட்டுவிடுகிறீர்களா என்று. ரெஜினாவும் அவள் வீட்டுக்காரரும் உடனே "விட்டுவிடுகிறோம்" என்றார்கள். என் குரல் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. சாமியார் காத்திருந்தார். "விட்டுவிடுகிறேன்" என்றேன்.

தண்ணீர் ஊற்றும்போது குழந்தை அழவில்லை. துணிக்குள்ளிருந்து ஒரு கையை உருவி எடுத்து, விரல்களை விரித்து, எதிரே நின்ற முன்பின் தெரியாத கூட்டத்தை நோக்கி நீட்டியது. யாரையும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளாமலே நீட்டியது.